சான்றுக்கு முன் சிகிச்சை: இதய உறைக் காசநோயும் கொழும்பும்

காலி வீதியில் பம்பலப்பிட்டியைத் தாண்டி வெள்ளவத்தைக்குள் நுழைந்தால், புடைவைக்கடைக்கும் சைவக் கடைக்கும் நடுவே பார்மசியும் ஆய்வுகூடமும் மாறி மாறி வரும். மூச்சு வாங்குகிறது, இரவில் வியர்க்கிறது, இரண்டு மாதத்தில் உடுப்பெல்லாம் தொளதொளத்துவிட்டது என்று போகும் ஒருவருக்கு அன்றைக்கே ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த அறிக்கையில் எப்போதாவது ஒரு வரி வரும்: இதயத்தைச் சுற்றி நீர். அதற்குப் பிறகு வைத்தியர் 'காசநோயாக இருக்கலாம்' என்று சொன்னால், வீட்டில் எழும் முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இருமலே இல்லை, பிறகெப்பிடி டொக்டர் ரீ.பி.?"

நியாயமான கேள்வி. கசம், சயரோகம், காசநோய் என்று நாம் வைத்த பெயர்களே இருமலையும் உடல் தேய்வதையும்தான் சொல்கின்றன. நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரலை விட்டு, இதயத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் போய்க் குடியிருக்கும் காசத்துக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை. மானிப்பாயிலிருந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் காலத்திலிருந்து ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது; ஆனாலும் இந்த உறுப்பைப் பற்றிப் பேசும்போது வைத்தியரும் நோயாளியும் 'பெரிகார்டியம்' என்ற சொல்லோடு தடுமாறுகிறார்கள். இங்கே அதை இதய உறை என்றே வைத்துக்கொள்கிறேன்.

உறை இரண்டு படலமாக இருக்கும். நடுவே, நல்ல உடம்பில், 15 முதல் 50 மில்லிலீற்றர் வரை வழுவழுப்பான நீர். இதயம் உராயாமல் துடிக்க அது போதும். காசக் கிருமி இங்கே வருவது பெரும்பாலும் பின்வாசல் வழியாக. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் நிணநீர்க் கணுக்களில் என்றோ தங்கிய கிருமி, நிணநீர் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் ஏறி உறையைத் தொடுகிறது. இரத்தத்தில் மிதந்து வருவதும் உண்டு. பக்கத்து நுரையீரலிலிருந்து நேரே பரவுவது அரிது. வந்து சேரும் கிருமிகளின் எண்ணிக்கை மிகச் சொற்பம். அவற்றின் புரதத்தைக் கண்டு உடம்பு காட்டும் கோபந்தான் பெரிது. முதலில் உறையில் நார்ப்படிவு, பிறகு நீர், பிறகு நீர் வற்றித் தடிப்பு, கடைசியில் இறுக்கம் என்று நான்கு படியாகப் பாடப்புத்தகங்கள் இதை விவரிக்கும். எல்லோரும் நான்கு படியும் ஏறுவதில்லை.

கிருமி குறைவு, எதிர்வினை அதிகம் என்ற இந்த ஒரு செய்தியில்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. கிருமி குறைவாக இருப்பதால் அதைப் பிடித்துக் காட்ட முடிவதில்லை. எதிர்வினை அதிகமாக இருப்பதால், பிடித்துக் காட்டும் வரை காத்திருக்கவும் முடிவதில்லை. எனவே உலகின் பல இடங்களில் இந்த நோய்க்குச் சிகிச்சை தொடங்குவது பாதி அனுமானத்தில்தான். எந்த ஊரின் எண்களை வைத்து அந்த அனுமானத்தைச் செய்கிறோம் என்பதைத்தான் இந்தக் கட்டுரை கேட்கப்போகிறது. கொழும்பு பயன்படுத்தும் எண்களில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து வந்தவை. அவை அருமையான ஆய்வுகள். ஆனால் நம் ஊர் கேப் டவுன் இல்லை.

முதலில் ஊரைப் பார்ப்போம். உலகின் அதிகக் காசச் சுமை கொண்ட 30 நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இங்கே ஆண்டுக்கு இலட்சம் பேருக்கு அறுபது பேர் அளவில் புதிதாக நோய் வருகிறது. இந்தியாவில் இதன் மூன்று மடங்கு அளவில், தென்னாப்பிரிக்காவில் ஆறு மடங்குக்கு மேல். கொவிட்டுக்கு முந்திய ஆண்டுகளில் இலங்கையில் பதிவானவர்கள் எட்டாயிரத்துச் சொச்சம். அதில் மேல் மாகாணத்தின் பங்கு நாற்பது வீதத்தைத் தாண்டும். கொழும்பு மாவட்டம் எப்போதும் முன்னணியில். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, முகத்துவாரம் பக்கத்துத் தோட்டங்களில் ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடுகளை நினைத்தால் இது புதிராக இருக்காது. புறக்கோட்டைக் கடைகளில் வேலைக்கு வந்து கடை மாடியிலேயே பாய் விரிக்கும் மலையக இளைஞர்களும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். வெள்ளவத்தைக் கதை வேறு. அங்கே தொடர்மாடியில் காற்றும் வெளிச்சமும் ஓரளவு உண்டு. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. நீரிழிவு உறங்கும் காசத்தை எழுப்பிவிடும். ஆக இரண்டு பகுதிக்கும் நோய் வருகிறது, வெவ்வேறு வாசலால்.

எச்.ஐ.வி.யில்தான் பெரிய வித்தியாசம். இலங்கையில் வளர்ந்தவர்களிடையே அது 0.1 வீதத்துக்கும் கீழ். கேப் டவுன் ஆய்வுகளிலோ இதய உறைக் காசம் வந்தவர்களில் பெரும்பாலோர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மூன்று இடத்தில் வரும்.

நுரையீரல் காசம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கே உறை பாதிக்கப்படுகிறது என்பது பழைய கணிப்பு. நோய் அரிதானது என்பதால் பொது மருத்துவருக்கு அது ஞாபகத்துக்கு வருவதும் தாமதம். வந்தவர்கள் சொல்லும் முறைப்பாடுகளும் சில்லறையானவை: மாலைக் காய்ச்சல், களைப்பு, படியேற மூச்சு, நெஞ்சுக்குள் ஒரு பாரம், கால் வீக்கம். கூர்மையான நெஞ்சு நோ வைரசால் வரும் உறையழற்சியில்தான் அதிகம். காசத்தில் அது அரிது. எக்ஸ்ரேயில் இதயம் தண்ணீர்க்குடத்தை மேசையில் வைத்ததுபோல அகன்று உட்கார்ந்திருக்கும். ஈ.சி.ஜி.யில் அலைகள் குட்டையாகத் தெரியும்.

நீர் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்பதே ஆபத்தை முடிவு செய்யும். கத்திக்குத்தில் 200 மில்லிலீற்றர் இரத்தம் திடீரென்று உறைக்குள் கசிந்தால் ஆள் விழுந்துவிடுவார். காசம் வாரக்கணக்கில் நிரப்புவதால் உறை இழுபட்டுக் கொடுத்து ஒரு லீற்றருக்கு மேலும் தாங்கும். ஒரு கட்டத்தில் இழுபட இடமில்லாமல் போகும்போது இதயத்தின் வலப்பக்க அறைகள் நெரிபடுகின்றன. 1873இல் அடோல்ஃப் குஸ்மௌல் என்ற ஜெர்மன் மருத்துவர், மூச்சை உள்ளே இழுக்கும்போது இத்தகைய நோயாளியின் நாடி கைக்குத் தட்டாமல் மறைவதையும், இதயமோ துடித்துக்கொண்டிருப்பதையும் கண்டு அதை 'முரண் நாடி' என்றார். இன்றைக்கும் இரத்த அழுத்தக் கருவி ஒன்றால் அதை அளக்கலாம்: மூச்சு இழுக்கையில் மேலழுத்தம் 10க்கு மேல் இறங்கினால் கவனம் தேவை. அப்போது ஆராய்ச்சி எல்லாம் பிறகு. நீரை உடனே எடுக்க வேண்டும். நெஞ்செலும்பின் கீழ் நுனிக்கு அருகே, எக்கோவின் வழிகாட்டலில் ஊசி செலுத்தி, மெல்லிய குழாயை விட்டு வடிப்பார்கள். வெள்ளவத்தைக் கட்டிலிலோ கொட்டாஞ்சேனைச் சிறு கிளினிக்கிலோ செய்யும் வேலை இல்லை இது. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் இதயப் பிரிவு போன்ற இடத்துக்குத்தான் அனுப்பவேண்டும். அனுப்புவதில் போகும் மணித்தியாலங்கள்தான் சிலருடைய உயிர்.

வடிந்து வரும் நீர் பெரும்பாலும் இரத்தம் கலந்தது. கறுத்த தேயிலைச் சாயத்துக்கும் பீட்ரூட் சாற்றுக்கும் நடுவில் ஒரு நிறம். அதைப் பார்த்துப் புற்றுநோய் என்று பயப்படுவார்கள். புற்றுநோயிலும் அப்படித்தான் இருக்கும், காசத்திலும் அப்படித்தான். நிறம் தீர்ப்புச் சொல்லாது.

இனித்தான் நெருக்கடியான கேள்வி. நீர் கையில் இருக்கிறது, இது காசமா?

பழைய வழி, சாயமிட்டு நுண்காட்டியில் தேடுவது. பல தொடர்களில் ஒரு கிருமிகூட அகப்படவில்லை. அதிர்ஷ்டமான தொடர்களில் நூற்றுக்கு நாற்பது. வளர்ப்புச் சோதனை அதைவிட மேல், பாதிக்கு மேற்பட்டவர்களில் வளரும். ஆனால் திரவ ஊடகத்தில் ஆறு வாரம், முட்டைக்கூழ் ஊடகத்தில் எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். நீரை வாட்டிலேயே, கட்டிலருகில் வைத்து, நேரே வளர்ப்பு ஊடகத்துக்குள் விட்டால் விளைச்சல் கூடும் என்பது தெரிந்த செய்தி. நடைமுறையில் சின்னக் குப்பியில் ஐந்து மில்லிலீற்றர் எடுத்து அனுப்பிவிட்டு மீதி லீற்றரை வாளியில் ஊற்றுவது எங்கும் நடக்கிற அநியாயம். உறையிலிருந்து சதைத்துண்டு எடுத்தால் அதை முழுவதும் ஃபோர்மலினில் போடுவது இன்னொன்று. ஃபோர்மலின் கிருமியைக் கொன்றுவிடும். அதன் பிறகு வளர்ப்புக்கு வழியில்லை. உப்புநீரில் ஒரு துண்டு, ஃபோர்மலினில் ஒரு துண்டு. இரண்டு குப்பி போதும். விலை உயர்ந்த இயந்திரம் வாங்குமுன் செய்யக்கூடிய திருத்தம் இது.

இயந்திரம் என்றால் ஜீன்எக்ஸ்பேர்ட். சளியில் காசக் கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்தில் காட்டி, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டா என்பதையும் சொல்லிவிடும் இந்தக் கருவி இலங்கையின் மார்புநோய்ச் சேவைக்கும் வந்துவிட்டது. இதய உறை நீரில் அது என்ன செய்யும் என்று கேப் டவுனில் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். காசம் உள்ள நூறு பேரில் 64 பேரைப் பிடித்தது. காசம் இல்லாதவரைப் பிழையாகப் பிடிக்கவே இல்லை. அதாவது 'ஆம்' என்றால் நம்பலாம், 'இல்லை' என்றால் நம்பக்கூடாது. அதே ஆய்வில் அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதியை, சுருக்கமாக ஏ.டி.ஏ.யை, லீற்றருக்கு 35 அலகு என்ற வரம்பில் அளந்தபோது நூற்றுக்கு 96 காசநோயாளரைக் காட்டிக்கொடுத்தது. காசம் இல்லாதவர்களில் 84 பேரைச் சரியாக விலக்கியது. வேறு ஊர்கள் 40 என்ற வரம்பை வைத்திருக்கின்றன. உறைநீரில் தூண்டாமலே அளக்கும் இன்டர்ஃபெரோன் காமா இரண்டையும்விட நல்லது என்று அதே குழு காட்டியது. விலையும் வசதியும் காரணமாக அது நம் பக்கம் வழக்கத்துக்கு வருவதற்கு இன்னும் நாளாகும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இதய உறையில் நீர் சேர்ந்த நூறு பேர் ஒரு ஆபிரிக்க வைத்தியசாலைக்கு வருகிறார்கள். அங்கே எழுபது பேருக்குக் காசம் என்று கொள்வோம். ஏ.டி.ஏ. உயர்ந்திருப்பவர்கள் 72 பேர். அதில் 67 பேருக்கு உண்மையிலேயே காசம். ஐந்து பேருக்குத்தான் பிழை. அந்த முடிவை வைத்து மருந்தைத் தொடங்கும் வைத்தியரைக் குறை சொல்ல முடியாது. அதே நூறு பேரைக் கொழும்பில் வையுங்கள். கணக்குக்காகக் கால்வாசி, 25 பேருக்குக் காசம் என்போம். ஏ.டி.ஏ. உயர்ந்தவர்கள் 36 பேர். அவர்களில் 24 பேருக்கே காசம், 12 பேருக்கு வேறேதோ. அதே சோதனை, அதே எண், ஆனால் மூன்றில் ஒருவர் வேண்டாத மருந்தை ஆறு மாதம் விழுங்கப்போகிறார். அதைவிட மோசம், வேண்டிய மருந்து கிடைக்காமல் இருக்கப்போகிறார். மறுபக்கம், ஏ.டி.ஏ. குறைவாக வந்த 64 பேரில் காசம் இருப்பவர் ஒருவரே. ஆகவே என் கணிப்பில், கொழும்பில் ஏ.டி.ஏ.யின் பெருமை காசத்தை விலக்குவதில் இருக்கிறது, நிறுவுவதில் இல்லை. அறிக்கையில் எண் தடித்த எழுத்தில் இருக்கிறது என்பதற்காக அதைத் தீர்ப்பாக எடுப்பவர்கள் கேப் டவுனில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேர் யார்? நிணநீர்ப் புற்று ஏ.டி.ஏ.யை உயர்த்தும். மூட்டுவாதம் உயர்த்தும். சாதாரணச் சீழ்க் கிருமியும் உயர்த்தும். இலங்கையில் தனியாகப் பெயர் சொல்ல வேண்டிய ஒன்று மெலியோய்டோசிஸ். மழையில் நனைந்த மண்ணிலும் வயல் சேற்றிலும் வாழும் கிருமியால் வருவது. நீரிழிவுக்காரரைத் தேடிப் பிடிக்கும். காய்ச்சல், மெலிவு, நெஞ்சில் நிழல், கணுவில் சீழ் என்று காசத்தின் வேடத்தை அப்படியே போடும். இதய உறைக்கும் வரும். கொழும்புப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் ஏனோக்கா கொரெயாவும் அவருடன் பணியாற்றியவர்களும் தொடர்ந்து தேடியதால்தான் இந்த நோய் நாடெங்கும் இருப்பது தெரியவந்தது. காச மருந்து இதைத் தொடாது. நரம்பு வழியே வாரக்கணக்கில் வேறு மருந்து, பிறகு மாதக்கணக்கில் குளுசை என்று அதற்குத் தனிச் சிகிச்சை. எனவே வெள்ளவத்தை நீரிழிவு நோயாளியின் உறைநீரைக் காசத்துக்கு மட்டும் அனுப்பாமல், சாதாரணக் கிருமி வளர்ப்புக்கும் இரத்த வளர்ப்புக்கும் சேர்த்து அனுப்ப வேண்டும். வளர்ந்த கிருமியைத் தூசு என்று தள்ளிவிடாமல் பார்க்கவும் வேண்டும்.

டெங்குவிலும் உறையில் கொஞ்சம் நீர் கசியும். சில நாளில் வற்றிவிடும், குழப்பம் குறைவு. சிறுநீரகம் செயலிழந்தவர், தைரொயிட் குறைந்தவர், லூபஸ் உள்ள இளம்பெண் என்று மற்றப் பட்டியலை எந்த மருத்துவ மாணவரும் ஒப்புவிப்பார்.

தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மண்டூ சோதனை நமக்கு அதிகம் உதவாது. பிறந்ததும் பி.சி.ஜி. போட்ட நாடு, கொழும்பில் வாழ்ந்து கிருமியைச் சந்திக்காதவரும் குறைவு. வீக்கம் வந்தால் 'சந்தித்திருக்கிறார்' என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. கிருமியைச் சந்தித்ததற்கு மேல் ஒன்றும் சொல்லாத குறை இரத்தத்தில் செய்யும் இன்டர்ஃபெரோன் சோதனைக்கும் உண்டு.

இரண்டு விடயம் எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. ஒன்று, தென்னாப்பிரிக்காவின் டைகர்பேர்க் வைத்தியசாலையில் 2006இல் வந்த புள்ளிமுறை. காய்ச்சலுக்கு 1, இரவு வியர்வைக்கு 1, எடை குறைவுக்கு 2, இரத்தத்தில் குளோபுலின் லீற்றருக்கு 40 கிராமைத் தாண்டினால் 3, வெள்ளணுக்கள் பத்தாயிரத்துக்குக் கீழ் இருந்தால் 3. ஆறோ அதற்கு மேலோ வந்தால் காசத்தின் பக்கம் சாயலாம். காசில்லாத கணக்கு. எச்.ஐ.வி. அதிகமுள்ள இடத்தில் தைத்த சட்டை என்பதால் நமக்குத் தோளில் கொஞ்சம் இடிக்கும். குளோபுலின் அங்கே வேறு காரணத்தாலும் உயரும். மற்றது, இந்திய இதய மருத்துவர் ஜோர்ஜ் செரியன் வலியுறுத்திய சி.ரி. ஸ்கேன் அடையாளம். நெஞ்சின் நடுப்பகுதிக் கணுக்கள் பத்து மில்லிமீற்றருக்கு மேல் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் கருமையாகத் தெரிந்தால், அதுவும் நுரையீரல் வாசற் கணுக்கள் அவ்வளவு வீங்காமல் இருந்தால், காசத்தின் சந்தேகம் வலுக்கும். நோய் கணுவிலிருந்து பின்வாசலால் வந்தது என்றேனே, வந்த வழியின் அடிச்சுவடு இது. கழுத்தில் ஒரு கணு கைக்குத் தட்டுப்பட்டால் இன்னும் நல்லது. இதய உறைக்குள் ஊசி விடுவதைவிடக் கழுத்தில் ஊசி விடுவது எளிது.

ஐரோப்பிய இதய மருத்துவச் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி இந்தச் சங்கடத்தை இரண்டாகப் பிரித்தது. காசம் பரவலாக உள்ள பகுதியில் வாழ்பவருக்கு, மற்றக் காரணங்களை விலக்கிய பின், சான்று இல்லாவிட்டாலும் மருந்தைத் தொடங்கலாம். பரவலில்லாத பகுதியில் வாழ்பவருக்குச் சான்றில்லாமல் தொடங்குவது நியாயமில்லை. கொழும்பு எந்தப் பக்கம்? நாட்டுச் சராசரியைப் பார்த்தால் நடுவே. கொட்டாஞ்சேனைத் தோட்டத்தைப் பார்த்தால் முதற்பக்கம். இதே நகரத்தில் வாடகை கூடிய தெருவைப் பார்த்தால் மறுபக்கம். நோயாளியின் முகவரி இங்கே ஒரு மருத்துவத் தகவல். வீட்டில் யாருக்காவது ரீ.பி. வந்ததா, எத்தனை பேர் ஒரே அறையில், என்ன தொழில் என்று அவருக்குப் புரியும் மொழியில் கேட்டால் சோதனைக்கு முந்திய சாத்தியம் கால்வாசியா அரைவாசியா என்பது தெரியும். சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியரும் தமிழ் மட்டும் தெரிந்த தாயும் எதிரெதிரே இருந்தால் அந்தக் கேள்விகள் கேட்கப்படுவதில்லை. அந்த இடத்தை ஏ.டி.ஏ. எண் பிடித்துக்கொள்கிறது.

கொழும்புக்கென்று ஒரு பதிவேடு இருந்தால் இந்த ஊகங்கள் குறையும். தேசிய வைத்தியசாலையிலும் களுபோவில வைத்தியசாலையிலும் வடிக்கப்படும் ஒவ்வொரு உறைநீருக்கும் கடைசியில் என்ன காரணம் நின்றது என்பதை ஐந்து ஆண்டு எழுதிவைத்தால் போதும்.

மருந்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது நுரையீரல் காசத்துக்குக் கொடுப்பதே. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்பியூட்டோல் நான்கும் இரண்டு மாதம்; முதலிரண்டும் மேலும் நான்கு மாதம். ஒன்பது, பன்னிரண்டு மாதம் என்று நீட்டுவதால் கூடுதல் பலன் காட்டப்படவில்லை. தேசிய காசநோய் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் எல்லாம் இலவசம். ரிஃபாம்பிசின் உறைநீருக்குள் மிகக் குறைவாகவே இறங்குகிறது என்று கேப் டவுனில் அளந்திருக்கிறார்கள்; அதனால் அளவைக் கூட்ட வேண்டுமா என்ற கேள்வி இன்னும் திறந்தபடி.

காசநோயாளியை வீட்டில் வைத்தே குணமாக்கலாம் என்ற உறுதி நமக்கு வந்தது சென்னையிலிருந்து. 1956இல் தொடங்கி 1959இல் வெளியான சென்னை ஆய்வு, ஏழைக் குடிசையில் மருந்து குடித்தவர்களும் சானட்டோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு படுத்தவர்களும் ஏறத்தாழ ஒரேயளவு தேறினார்கள் என்றும், வீட்டார் கூடுதலாகப் பாதிக்கப்படவில்லை என்றும் காட்டியது. நுரையீரல் சுத்தமாக இருந்தால் உறைக் காசம் பிறருக்கு ஒட்டாது. அப்படியானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏன் வீட்டுக்கு வருகிறார் என்று கலியாணப் பேச்சு நடக்கிற வீடுகளில் பதறுவார்கள். இவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடித்தான். இருமிக்கொண்டிருக்கும் தாத்தாவோ அறைத்தோழரோ அப்படித்தான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள்.

குளுசையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய எச்சரிக்கைகள் பல. சிறுநீர் செம்மஞ்சளாகும், பயம் வேண்டாம். கண் மங்கினால், கண்ணோ தோலோ மஞ்சளானால் உடனே வர வேண்டும். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலனைக் கெடுக்கும், வோர்ஃபரினைக் கெடுக்கும். ஆனால் இலங்கைக்கே உரிய எச்சரிக்கை மீனைப் பற்றியது. ஐசோனியாசிட் குடிப்பவர்கள் சூரை, பலயா, கெலவல்லா போன்ற மீனைச் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து வருவதை 1970களின் பிற்பகுதியில் மார்புநோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட கவனித்து எழுதினார். அந்த மீன்கள் பழுதடையத் தொடங்கும்போது ஹிஸ்டமின் சேரும்; அதை உடைக்கும் நொதியை ஐசோனியாசிட் முடக்கிவிடும். உலக இலக்கியத்தில் இலங்கை சேர்த்த பக்கம் இது. நுரையீரல் நோயாளிக்கு அந்தப் படபடப்பு ஒரு மணி நேரத் தொல்லை. ஏற்கனவே 'இதயத்தில் தண்ணீர்' என்று கேட்டுப் பயந்திருப்பவருக்கு அது நள்ளிரவு அவசரப் பிரிவு. மருந்து கொடுக்கும் நாளிலேயே மீன் பெயரைத் தமிழில் சொல்லி அனுப்பினால் அந்த இரவு மிஞ்சும்.

அடுத்து ஸ்டீரோயிட். நாற்பது ஆண்டாக ஓயாத வழக்கு. தென்னாப்பிரிக்காவின் ட்ரான்ஸ்கை பகுதியில் ஸ்ட்ராங் என்பவரின் குழு செய்து 1987, 1988 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், நீர் சேர்ந்தவர்களுக்குப் பிரெட்னிசொலோன் சேர்த்தபோது உறைக் காசத்தால் இறந்தோர் 14 வீதத்திலிருந்து 3 வீதமாகக் குறைந்தார்கள். அது எச்.ஐ.வி. பெருகுமுன். 2014இல் போங்கானி மயோசி தலைமையில் எட்டு ஆபிரிக்க நாடுகளின் 19 வைத்தியசாலைகளில் 1,400 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு வந்தது. ஆறு வாரம், முதல் வாரம் நாளுக்கு 120 மில்லிகிராமில் தொடங்கி இறங்கிய அளவு. இறப்பு, நெரிசல், இறுக்கம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை: 23.8க்கு 24.5 வீதம். ஆனால் இறுக்கத்தை மட்டும் தனியே எடுத்தால் 7.8 வீதத்திலிருந்து 4.4 ஆகக் குறைந்தது. எச்.ஐ.வி.யோடு தொடர்புள்ள புற்றுநோய்கள் மூன்று மடங்காயின. அந்த ஆய்வில் மூன்றில் இரண்டு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. இதே ஆய்வு, டெல்லியில் தொழுநோய்க்கு எதிராக ஆராயப்பட்ட 'மைக்கோபக்டீரியம் இண்டிகஸ் பிரானி' என்ற இந்தியக் கிருமியையும் ஊசியாகப் போட்டுப் பார்த்தது, பயன் இல்லை.

கொழும்பு வைத்தியர் இதை எப்படிப் படிக்க வேண்டும்? அவருடைய நோயாளிக்கு எச்.ஐ.வி. இல்லை, ஆகவே புற்றுநோய் அச்சம் பெரும்பாலும் விலகுகிறது. சோதித்துப் பார்த்து உறுதி செய்த பின் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மீதி இருப்பது, முப்பது பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு இறுக்கம் தவிரும் என்ற பேரம். எச்.ஐ.வி. இல்லாதவர்களைத் தனியே பார்த்த 2017ஆம் ஆண்டு கொக்ரேன் தொகுப்பு, உறையழற்சியால் வரும் இறப்பு குறையக்கூடும் என்றது. அமெரிக்க வழிகாட்டி எல்லோருக்கும் வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. இந்தியாவின் 2016 வழிகாட்டி ஆதரவாக நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் கொடுக்கலாம் என்கிறது. நான் இந்தியப் பக்கம் சாய்வேன், ஒரு நிபந்தனையோடு: காசம் என்பது ஓரளவு நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். நாளுக்கு நூற்றிருபது மில்லிகிராம் ஸ்டீரோயிட்டை மெலியோய்டோசிஸ் உள்ள நீரிழிவு நோயாளிக்குக் கொடுப்பது கிருமிக்கு விருந்து வைப்பது. காசமேயானாலும், சீனி ஏறும். வெள்ளவத்தை மாமாவுக்கு அந்த ஆறு வாரமும் இன்சுலின் தேவைப்படலாம். அதைச் சொல்லாமல் துண்டு எழுதினால் அவர் இரண்டாம் வாரமே குளுசையைத் தானாக நிறுத்திவிடுவார்.

இறுக்கம் என்பது என்ன? உறை தடித்து, சில வேளை சுண்ணாம்பு படிந்து, இதயத்தைச் சிப்பிக்குள் பூட்டிவிடுகிறது. இதயம் சுருங்கும், விரிய முடியாது. திரும்பிவரும் இரத்தம் வாசலில் தேங்கி, கல்லீரல் வீங்கி, வயிற்றில் நீர் கட்டும். கால் வீக்கத்தைவிட வயிறு பெரிதாக இருப்பது இதன் இயல்பு. ஊரில் மகோதரம் என்பார்கள். 1896இல் ஃப்ரீடல் பிக் இதற்குப் 'பொய்க் கல்லீரற் சுருக்கம்' என்ற பொருளில் பெயர் வைத்தார். அந்தப் பொய் இன்றும் வேலை செய்கிறது. கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளி வயிறு வீங்கி வந்தால் முதலில் கேட்பது 'குடிப்பீர்களா?' ஆம் என்றால் கல்லீரல் பிரிவுக்குச் சீட்டு எழுதியாயிற்று. கல்லீரல் சுருங்கியவருக்குக் கழுத்து நரம்பு புடைத்து நிற்காது. இறுக்கம் உள்ளவருக்கு நிற்கும், மூச்சு இழுத்தால் இன்னும் எழும்பும். கட்டிலில் பாதி சாய்த்து வைத்துக் கழுத்தைப் பார்க்க ஒரு நிமிடம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இதயத்தைச் சுற்றி வெள்ளைக்கோடு தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. தெரியாவிட்டால் எக்கோவும் சி.ரி.யும்.

சில நேரம் இரண்டும் ஒன்றாக இருக்கும்: நீரும் உண்டு, நீரை எடுத்த பிறகும் விடாத இறுக்கமும் உண்டு. நீர் எடுத்து மூச்சு தெளியாதவரை 'பயந்தவர்' என்று எழுதாமல், கழுத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஆரம்ப இறுக்கம் எல்லாம் கத்திக்குப் போவதில்லை. காச மருந்தில் சில வாரத்தில் இளகிவிடும் இறுக்கமும் உண்டு. நான்கு முதல் எட்டு வாரத்தில் நிலைமை தேறவில்லை அல்லது மோசமாகிறது என்றால் உறையை உரித்தெடுக்கும் சத்திரசிகிச்சை பற்றிப் பேச வேண்டும் என்றது அந்த 2015ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டி. சுண்ணாம்பு கட்டிய உறையை இதயத் தசையிலிருந்து பிரிப்பது, காய்ந்த பலாப்பிசினைப் பட்டிலிருந்து பிரிப்பதுபோல. நல்ல கையிலும் நூற்றுக்கு ஆறு முதல் பன்னிரண்டு பேர் வரை இறக்கிறார்கள். காத்திருந்து, கல்லீரலும் தசையும் நைந்த பிறகு அனுப்பப்படுபவர்களே அந்தக் கணக்கைக் கூட்டுகிறார்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் மார்புநோய்க் கிளினிக்கில் அட்டையை மூடுவார்கள். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, எடை ஏறியிருக்கிறது. நுரையீரல் காசத்தின் கணக்குப்படி குணம். உறைக் காசத்தின் கணக்கு வேறு. இறுக்கம் மருந்து முடியும் தறுவாயிலும், அதற்குச் சில மாதம் கழித்தும் மெல்ல வரும். மார்புநோய்க் கிளினிக் இதயத்தைப் பார்ப்பதில்லை, இதயக் கிளினிக்குக்கு அட்டை மூடிய செய்தி போவதில்லை. இடையில் நோயாளி புறக்கோட்டைக் கடைக்கோ கனடா மகளிடமோ போய்விடுகிறார். அட்டையை மூடும் நாளில், அடுத்த மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் எக்கோ திகதி இரண்டை அதே அட்டையின் பின்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுக்கலாம். பெல்ட் துளை பின்னோக்கிப் போகத் தொடங்கினால் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்த்து.